மணியைச் சுற்றி ஆக்டின் வளையம் வருகிறது, வால் வரவில்லை. எங்கே தவறு?

கேள்வி

1 மைக்ரான் பாலிஸ்டைரீன் மணிகளில் என்-வாஸ்ப் புரதத்தின் விசிஏ பகுதியை (ஆர்ப் 2/3-ஐத் தூண்டிவிடும் துண்டு) பூசியிருக்கிறேன். கலவை: 6 மைக்ரோமோலார் ஜி-ஆக்டின் (செல்லில் இழையாகக் கோக்கும் ஆக்டின் புரதத்தின் தனி மூலக்கூறு, அதாவது மோனோமர்), 100 நானோமோலார் ஆர்ப் 2/3 (இழையில் புதுக் கிளை தொடங்குவது), 3 மைக்ரோமோலார் கோஃபிலின் (பழைய இழையைப் பிரிப்பது), 2 மைக்ரோமோலார் புரோஃபிலின் (மோனோமரைப் பிடித்து இழை முனைக்குக் கொடுப்பது). இழை முனையை மூடும் கேப்பிங் புரதம் கைவசம் இல்லாததால் விட்டுவிட்டேன். மணியைச் சுற்றி ஒளிரும் வளையம் வருகிறது. சில நிமிடங்களில் பின்னணி முழுக்க நீள இழைகள். ஒரு பக்கம் ஆக்டின் வால் முளைத்து மணியைத் தள்ள வேண்டும், ஆனால் மணி நகரவே இல்லை. லிஸ்டீரியா பாக்டீரியா இதே புரதங்களை வைத்துக்கொண்டு செல்லுக்குள் ஓடுகிறதே?

பதில் 1

விட்டுப்போனதுதான் சிக்கல். 1999இல் லிஸ்டீரியா, ஷிகெல்லா என்ற இரண்டு பாக்டீரியாக்களையும் தூய புரதங்களில் ஓட வைத்தபோது, ஆக்டின், ஆர்ப் 2/3, கோஃபிலின் வகைப் புரதம் இவற்றோடு கேப்பிங் புரதமும் கட்டாயத் தேவையாக இருந்தது.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இழையின் வேகமாக வளரும் ப்ளஸ் முனை வளர மோனோமர் செறிவு சுமார் 0.1 மைக்ரோமோலாருக்கு மேல் வேண்டும், மெதுவாக வளரும் மறுமுனையான மைனஸ் முனைக்குச் சுமார் 0.6. கரைசல் முழுக்கத் திறந்த ப்ளஸ் முனைகள் இருந்தால், அவை மோனோமரை உறிஞ்சி 0.1க்கு இறக்கிவிடும். ஒவ்வொரு மோனோமரும் இழையை 2.7 நானோமீட்டர் நீட்டுகிறது. அதனால் ஒரு இழை தள்ளக்கூடிய உச்ச விசை, வெப்ப ஆற்றலான 4.1 பிகோநியூட்டன் நானோமீட்டரை 2.7ஆல் வகுத்து, மோனோமர் செறிவுக்கும் 0.1க்கும் உள்ள விகிதத்தின் இயல் மடக்கையால் பெருக்கியது. விகிதம் 1 ஆனால் விசை பூஜ்யம். உங்கள் கரைசலில் நடப்பது இதுதான். கேப்பிங் புரதம் பழைய முனைகளை மூடினால் செறிவு 0.6 பக்கம் ஏறும். அப்போது இழைக்கு 2.7 பிகோநியூட்டன் கிடைக்கும், அதுவும் மணியின் மேற்பரப்பில் புதிதாகக் கிளைத்த இழைகளுக்கு மட்டும்.

கேப்பிங் புரதத்தை 50 நானோமோலாரில் தொடங்குங்கள். முனையை மூடும் இன்னொரு புரதமான ஜெல்சோலினும் வேலை செய்யும், ஆனால் அது கால்சியத்தில் இழைகளை வெட்டும் என்பதை மறக்க வேண்டாம். அதிகம் போட்டாலும் கெடும்: இழைகள் குட்டையாகி ஒன்றோடொன்று பின்னாது, வலை கலைந்துவிடும்.

பதில் 2

கூடவே இரண்டு விஷயம். ஜி-ஆக்டினாக ஊற்றாமல் முன்கூட்டியே பாலிமராக்கிய எஃப்-ஆக்டினாகச் சேர்ப்பது நல்லது. ஜி-ஆக்டின் உப்பைக் கண்டதும் கரைசலிலேயே தானாக இழை தொடங்கும். உங்கள் பின்னணி இழைகளில் ஒரு பங்கு அதனால்தான். எஃப்-ஆக்டினிலிருந்து கோஃபிலின் மோனோமரைச் சீராக விடுவிக்கும். பிஹெச் 7.8 அளவில் வைத்தால் அது நன்றாகச் செய்யும்.

இரண்டாவது, லிஸ்டீரியாவோடு ஒப்பிடுவது பற்றி. ஆர்ப் 2/3-ஐத் தூண்டும் அதன் ஆக்ட்ஏ புரதம் உடலெங்கும் சமமாக இல்லை. புதிதாகப் பிளந்த முனையில் குறைவு, பழைய முனையில் அதிகம். வால் அங்கேயே முளைக்கிறது. மணியோ எல்லாப் பக்கமும் ஒரே பூச்சு. முதலில் அதைச் சுற்றி ஆக்டின் கூடு (நீங்கள் வளையமாகக் காண்பது) முழுதாக வளர வேண்டும். உள்ளிருந்து புதிய வலை தள்ளத் தள்ள வெளி அடுக்கு இழுபட்டு, ஒரு பக்கம் மெலிந்து கிழியும். மைக்ரோஸ்கோப்பில் வளையத்தின் ஒரு ஓரம் மங்குவதைக் கண்டால் கைவைக்காமல் காத்திருங்கள், அந்த இடைவெளி வழியாகத்தான் மணி வெளியேறும். மணி பெரிதானால் இதற்கு நேரம் கூடும், 0.5 மைக்ரானுக்கு மாறிப் பாருங்கள்.

கேட்டவர்

கேப்பிங் போட்ட பிறகு வரும் வால் உண்மையிலேயே ஆர்ப் 2/3 வேலைதானா என்று எப்படி உறுதி செய்வது?

பதில் 2

ஆர்ப் 2/3-ஐத் தடுக்கும் சிகே-666 100 மைக்ரோமோலார் சேர்த்து ஒரு கலவை, அதைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓவை மட்டும் அதே அளவு சேர்த்து ஒன்று. முதலாவதில் வளையமே வரக்கூடாது.