சுப்பர்மார்க்கட்டின் சொந்தப் பெயர்ப் பொருட்கள்: எவற்றுக்கு மாறலாம், எவற்றுக்கு மாறக்கூடாது?

வெள்ளவத்தை இல்லத்தரசி எழுதியது:

வணக்கம். நாங்கள் ஐந்து பேர் கொண்ட குடும்பம்: நான், என் கணவர், பாடசாலை செல்லும் இரண்டு பிள்ளைகள், 78 வயதான என் மாமி. வீட்டுச் செலவைப் பல ஆண்டுகளாக நானே கொப்பியில் எழுதி வருகிறேன். 2022 செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்துக்கு ஏறியிருந்தபோது எழுதிய பக்கங்களை இப்போதும் புரட்டிப் பார்ப்பதுண்டு. அதன் பின்னர் விலை ஏறும் வேகம் தணிந்ததே தவிர, அந்தக் காலத்துக்கு முந்திய விலைகள் திரும்பி வரவில்லை. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாக உயர்ந்ததும் மாதப் பற்றுச்சீட்டு மேலும் நீண்டது.

இப்போது நாங்கள் வாங்கும் சுப்பர்மார்க்கட்டில் பருப்பு, சீனி, மா, தேயிலை, ஜாம், சோஸ், கறித்தூள் என்று அநேகமாக எல்லாமே அந்தக் கடையின் சொந்தப் பெயரிலும் கிடைக்கின்றன. பெயர்பெற்ற நிறுவனங்களின் பொருட்களை விடப் பெரும்பாலும் அவை மலிவு. ஆனால் முதலில் மாற்றிப் பார்த்த தக்காளிச் சோஸ் தண்ணீராக ஓடியது. சுவையும் வெறும் இனிப்பாகவே இருந்தது. அதைப் பார்த்த மாமி, இனி இந்த வீட்டுக்கு அந்தப் பெயரில் ஒன்றும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஒரு போத்தல் சோஸை வைத்துக்கொண்டு முழு அலுமாரியையும் தீர்ப்பிடுவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. அதே வேளையில், குடும்பத்தின் வாயில் போகும் பொருளில் கண்மூடிச் சோதனை செய்யவும் மனமில்லை. எந்தப் பொருளில் பெயருக்காக மட்டும் பணம் கொடுக்கிறோம், எந்தப் பொருளில் அந்தப் பணத்துக்கு உண்மையிலேயே ஏதாவது கிடைக்கிறது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

இரத்மலானையிலிருந்து, பொதியிடும் துறையில் பணியாற்றியவர்:

சகோதரி, நான் 11 ஆண்டுகள் ஓர் உணவுப் பொதியிடும் ஆலையில் தரப் பரிசோதனைப் பகுதியில் இருந்தேன். அங்கே பெயர்பெற்ற நிறுவனங்களுக்கும் பொதி செய்தோம், சுப்பர்மார்க்கட்டுகளின் சொந்தப் பெயரிலும் பொதி செய்தோம். அந்த அனுபவத்திலிருந்து சொல்வதானால், பெயரைப் பார்ப்பதற்கு முன்னர், வயலிலிருந்து பொதிக்குள் வரும்வரை அந்தப் பொருளுக்கு எவ்வளவு கைவேலை நடந்திருக்கிறது என்று பாருங்கள். கைவேலை குறையக் குறையப் பெயரின் பெறுமதியும் குறையும்.

நாங்கள் அன்றாடம் சமைக்கும் சிவப்புப் பருப்பு பெரும்பாலும் கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வருவது. வெள்ளைச் சீனியும் பெரும்பாலும் இறக்குமதிதான். எந்த நிறுவனத்தின் பெயர் போட்டிருந்தாலும் அதை அவர்கள் விளைவிக்கவில்லை. புடைத்து, தரம் பிரித்து, பொதி செய்கிறார்கள், அவ்வளவே. கோதுமையைப் பெருமளவில் அரைக்கும் ஆலைகள் நாட்டில் இரண்டு இருக்கின்றன, திருகோணமலையில் பிறிமா, கொழும்பில் செரண்டிப். ஆகவே இங்கே அரைத்த கோதுமை மா எந்தப் பையில் வந்தாலும் அதன் ஊற்று அநேகமாக இந்த இரண்டில் ஒன்றுதான். உப்பைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. உணவுக்கு விற்கும் உப்பில் அயடீன் சேர்ப்பது 1995 முதல் சட்டப்படி கட்டாயம். இந்த நான்கிலும் நான் தயக்கமின்றி மலிவானதையே வாங்குகிறேன். பருப்பில் மட்டும் பொதியை வெளிச்சத்துக்குப் பிடித்து, நொறுங்கலும் கறுத்த மணியும் தோலும் எவ்வளவு இருக்கின்றன என்று பாருங்கள், ஏனென்றால் விலைக் குறைப்பு நடப்பது அந்தத் தரம் பிரிப்பில்தான்.

இனி உங்கள் சோஸுக்கு வருகிறேன். "இரண்டும் ஒரே ஆலையில்தான் செய்கிறார்கள், ஆகவே இரண்டும் ஒன்றுதான்" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். முதற்பாதி பல வேளைகளில் உண்மை, இரண்டாம் பாதி உண்மையல்ல. பொருளைக் கேட்பவர் ஒரு தரக்குறிப்பைக் கொடுக்கிறார்: தக்காளி இவ்வளவு, சீனி இவ்வளவு, தடிப்பு இவ்வளவு, விலை இதற்கு மேல் போகக்கூடாது. காலையில் ஒரு குறிப்பின்படி ஓடிய அதே இயந்திரத்தில், கழுவித் துடைத்த பின்னர், மாலையில் வேறொரு குறிப்பின்படி வேறொரு சோஸ் ஓடும். ஆலையின் சுத்தம் இரண்டுக்கும் பொது. உள்ளே போகும் பொருள் பொதுவல்ல. சில கடைகள் உயர்ந்த குறிப்பையே கொடுத்துப் பெயர்பெற்ற நிறுவனத்துக்கு நிகராகச் செய்விக்கின்றன என்பதையும் நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அந்தக் குறிப்பு உங்கள் கைக்கு வராது. ஆனால் அதன் நிழல் லேபலில் இருக்கிறது. சேர்மானப் பட்டியலில் நிறையால் கூடியது முதலாகவும் குறைந்தது கடைசியாகவும் எழுதப்படும். இரண்டு போத்தல்களையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். ஒன்றில் தக்காளி விழுது முதலாவதாகவும், மற்றதில் தண்ணீர், சீனி, அதன் பின்னர் தக்காளி, தொடர்ந்து மாப்பொருள் என்றும் இருந்தால், விலை வேறுபாட்டின் காரணம் அங்கேயே கிடைத்துவிடும். ஜாமுக்கும் இதே வழிதான்: பழம் எந்த இடத்தில் நிற்கிறது, சீனி எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பானங்களில் 2016 முதல் சீனியின் அளவைக் காட்டும் நிற வட்டக் குறியீடும் இருக்கிறது; 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேற்பட்டால் சிவப்பு. பெயர் பெரிதோ சிறிதோ, அந்த வட்டம் யாருக்கும் சலுகை காட்டாது.

பால்மாவில் கவனம் மிக வேண்டும், அதுவும் வீட்டில் பிள்ளைகள் இருக்கும்போது. முழு ஆடைப் பால்மா என்று சொல்வதற்குச் சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ் 26 சதவீதப் பாற்கொழுப்பையாவது கேட்கிறது. தேநீருக்கென்று விற்கும் சில வெள்ளைத் தூள்களில் பாற்கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு இருக்கும். அவை பால்மா அடுக்குக்குப் பக்கத்திலேயே, அதே நிறப் பையில் நிற்கும். இரண்டு பொதியும் உண்மையிலேயே முழு ஆடைப் பால்மா என்றால், மலிவானதை எடுப்பதில் நான் தவறு காணவில்லை.

இன்னுமொன்று. எங்கள் நாட்டில் "கடைப் பெயர்", "பெரிய பெயர்" என்று இரண்டாகப் பிரிப்பதே எளிதல்ல. கிஸ்ற் ஜாம் காகில்ஸ் குழுமத்துடையது, புட் சிற்றி கடைகளும் அவர்களுடையவை. கிரெஸ்ற் சொசேஜஸும் எலிபன்ற் ஹவுஸும் கீல்ஸ் கடைகளை நடத்தும் ஜோன் கீல்ஸ் குழுமத்துடையவை. மாமி பல ஆண்டுகளாக நம்பி வாங்கும் பெயர்களில் சில ஏற்கெனவே கடைக்காரரின் பெயர்களாக இருக்கலாம்.

விலையை ஒப்பிடும்போது பொதியின் விலையைப் பார்க்காமல் 100 கிராமுக்கு எவ்வளவு என்று கணக்கிடுங்கள். உதாரணமாக, 380 ரூபாவுக்கு 400 கிராம் என்றால் 100 கிராமுக்கு 95 ரூபா. 350 ரூபாவுக்கு 350 கிராம் என்றால் 100 ரூபா. அடுக்கில் மலிவாகத் தெரிவது இரண்டாவது, உண்மையில் மலிவானது முதலாவது. கணக்குக் கொப்பி வைத்திருக்கும் உங்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதல்ல. ஆனாலும் அடுக்கின் முன்னால் நிற்கும் அவசரத்தில் நானும் இதில் தவறியிருக்கிறேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை:

மேலே ஐயா எழுதியதை வரவேற்கிறேன். அவர் தொடாத இரண்டு பொருட்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலாவது தேயிலை. பொதியில் வாளேந்திய சிங்க இலச்சினை இருக்கிறதா என்று பாருங்கள். அது தேயிலைச் சபைக்குச் சொந்தமானது; முழுவதும் இலங்கைத் தேயிலையாகவும் இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டதாகவும் இருந்தால்தான் அதைப் போட முடியும். கடையின் சொந்தப் பெயரில் வரும் பொதியில் அந்த இலச்சினை இருந்தால் கலப்படப் பயத்தை விட்டுவிடலாம். அதற்கு மேல் இருப்பது ருசி மட்டுமே. நுவரெலியாப் பக்கத்து மலைநாட்டுத் தேயிலை வெளிர்நிறமும் மென்மணமும் கொண்டது. தாழ்நிலத்துத் தேயிலை கடுஞ்சிவப்பாகவும் திடமாகவும் ஊறும். பால் தேநீர் குடிப்பவருக்குத் தூள் வகை பொருந்தும், வெறும் தேநீர் குடிப்பவருக்கு அதைவிடத் துகள் சற்றுப் பெரிய பீ.ஓ.பி.எப். (BOPF) வகை பொருந்தும். உங்கள் மாமி எதைக் குடித்துப் பழகினார் என்று தெரிந்துகொண்டு, அதே வகையைக் கடைப் பெயரில் தேடினால் அவருக்கு ஏமாற்றம் வராது. வகையை மாற்றிவிட்டுப் பெயரைக் குறை சொல்வது தான் பல வீடுகளில் நடக்கிறது.

இரண்டாவது கறித்தூள். இதில் கடைப் பெயர், பெரிய பெயர் இரண்டையுமே நான் ஏற்க மாட்டேன். எங்கள் சமையலுக்கு வேண்டியது மல்லி, செத்தல் மிளகாய், மிளகு, பெருஞ்சீரகம், நற்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாவற்றையும் தனித்தனியே பதமாக வறுத்து அரைத்த தூள். பொதியில் வரும் தூளில் எது எவ்வளவு, எப்போது அரைத்தது என்று தெரியாது. மல்லி மலிவு என்பதால் அதைக் கூட்டி மற்றவற்றைக் குறைப்பது எளிது, தூளான பின்னர் கண்ணால் கண்டுபிடிக்கவும் முடியாது. புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் சரக்குகளை முழுதாக வாங்கி, வீட்டில் வறுத்து, பக்கத்து ஆலையில் அரைப்பித்தால் மூன்று மாதத்துக்குப் போதும். உடம்பு முடியாதவர்களுக்கு இது சிரமம் என்பதை அறிவேன். ஆனால் குழம்பின் சுவை முழுவதும் தங்கியிருக்கும் ஒரு பொருளில் சிக்கனம் பார்ப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

தெகிவளையிலிருந்து, சிறு உற்பத்தியாளர்:

நான் இந்த மேசையின் மறுபக்கத்தில் இருப்பவன். வவுனியாவில் எங்கள் குடும்பம் குரக்கன் மாவும் வறுத்த உழுத்தம் மாவும் செய்கிறது. சொந்தப் பெயரிலும் விற்கிறோம், ஒரு சுப்பர்மார்க்கட்டின் பெயரிலும் பொதி செய்து கொடுக்கிறோம். எங்களைப் பொறுத்தவரை இரண்டு பைகளிலும் போவது ஒரே மாதான், ஏனென்றால் இரண்டு விதமாக வறுத்து அரைக்க எங்களிடம் ஆளும் இல்லை, இடமும் இல்லை. விளம்பரச் செலவு இல்லாததால் கடையின் பை மலிவாக நிற்கிறது. மாதம் தவறாத கட்டளை கிடைக்கிறது, அதனால் ஆறு பெண்களுக்கு நிலையான வேலை கொடுக்க முடிகிறது. மறுபுறம், பணம் கைக்கு வரப் பல வாரங்கள் செல்லும். விலையை அவர்கள்தான் தீர்மானிப்பார்கள். நாளை வேறோர் உற்பத்தியாளர் இரண்டு ரூபா குறைத்துக் கொடுத்தால் எங்கள் பை அடுக்கிலிருந்து போய்விடும், வாங்கியவருக்கு நாங்கள் யாரென்றே தெரிந்திருக்காது. எங்கள் சொந்தப் பெயரையும் கைவிடாமல் வைத்திருப்பது அதற்காகத்தான்.

சகோதரிக்கு ஒரு வேண்டுகோள். பொதியின் பின்புறத்தில் உற்பத்தியாளரின் அல்லது பொதி செய்தவரின் பெயரும் முகவரியும் தொகுதி இலக்கமும் சிறு எழுத்தில் இருக்கும். பொருள் பழுதாக இருந்தால் பையை எறிந்துவிடாமல் அந்த இலக்கத்துடன் கடையில் முறையிடுங்கள். கேட்கவில்லையென்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லலாம். முறைப்பாடு வந்தால்தான் தரக்குறிப்பை உயர்த்தும்படி நாங்களும் கடையிடம் கேட்க முடிகிறது.

வெள்ளவத்தை இல்லத்தரசி, இரண்டு மாதங்களின் பின்னர்:

எல்லோருக்கும் நன்றி. பருப்பு, சீனி, மா, உப்பு நான்கையும் மாற்றிவிட்டேன். வீட்டில் ஒருவரும் வேறுபாட்டைக் கவனிக்கவில்லை. சோஸில் ஐயா சொன்னது அப்படியே சரி: நான் வாங்கிய போத்தலில் தண்ணீரும் சீனியும்தான் முதலிரண்டு இடங்களில் இருந்தன. பழைய நிறுவனத்தின் சோஸுக்கே திரும்பிவிட்டோம். பால்மாவில் இன்னும் துணிவு வரவில்லை, அதை மாற்றவில்லை. மாதப் பற்றுச்சீட்டில் 3,400 ரூபா குறைந்திருக்கிறது.

தேயிலையில் நான் செய்த தவறையும் ஆசிரியை அம்மாவின் பதிலைப் படித்த பின்னரே உணர்ந்தேன். மாமி ஹற்றனில் பிறந்து வளர்ந்தவர். வெறும் தேநீர்தான் குடிப்பார். நான் முதலில் எடுத்தது தூள் வகை. இப்போது கடைப் பெயரிலேயே சிங்க இலச்சினையுடன் பீ.ஓ.பி.எப். எடுத்து, பொதியை மறைக்காமல் அவர் முன்னாலேயே திறந்து ஊற்றினேன். நிறத்தைப் பார்த்தார், மணந்தார், குடித்து முடித்தார். மறுநாள் காலையில் அதே தேயிலையைத் தானே எடுத்துப் போட்டார்.

கறித்தூளுக்கு வரும் சனிக்கிழமை புறக்கோட்டைக்குப் போகிறோம். ஒரு கிலோ செத்தல் மிளகாய்க்கு மல்லி எவ்வளவு போடுகிறீர்கள் என்பதை அம்மா எழுதினால் கொப்பியில் குறித்துக்கொண்டு போவேன்.