8 குரலுக்குப் புதுப் பாட்டு எழுத இசையமைப்பாளர் வேணும்

நாகர்கோவில் நண்பர்களே, வாத்தியம் இல்லாமல் 8 பேர் பாட (சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்ற நாலு குரல் வகை, தலா இருவர்) 6 நிமிடம் நீளும் பாட்டு ஒன்று புதுசா எழுதித் தர யாராவது தெரியுமா? வரிகள் நம்ம தேரூர் கவிமணியுடையவை. அவர் 1954-இல் மறைந்ததால் 60 வருட பதிப்புரிமை 2014-ஓடு முடிந்தது, அனுமதிச் சிக்கல் இல்லை.

தமிழ் தெரியாதவர் என்றால் வரிகளை நிறுத்தி வாசித்துப் பதிவு அனுப்புவோம். குறிலில் சுரத்தை இழுத்தால் ‘படம்’ ‘பாடம்’ ஆகிவிடும்; பாதிப் பாட்டு கெடுவதே அங்கேதான். டெனர் குரல் மேல் எஃப் (F) சுரத்தைத் தாண்ட வேண்டாம். ஸ்டாஃப் நொட்டேஷனோடு (ஐந்து கோட்டில் எழுதும் இசைக் குறிப்பு) டானிக் சொல்ஃபா (டோ, ரே, மி என எழுத்தில் எழுதும் குறிப்பு) பிரதியும் வேணும், சிலருக்கு அதுதான் வாசிக்க வரும்.

பணம் மூன்று தவணை: ஒப்பந்தம், முதல் வரைவு, இறுதிப் பிரதி. வரைவைப் பாடிப் பார்த்து ஒருமுறை திருத்தம் கேட்போம். இசையின் பதிப்புரிமை இசையமைப்பாளருக்கே, முதல் அரங்கேற்றம் மட்டும் எங்களுக்கு. நிமிடக் கணக்கில் இப்போ என்ன வாங்குகிறார்கள்?