வாசற்படி தாண்டாதவர்களின் ஒரு நாள்: பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

அம்மாபேட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். எண்பதை நெருங்கும் வயது. குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சையும் முடிந்து, இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் மட்டும் நடக்கிறார். வாசலுக்கு வெளியே வந்து வருஷக்கணக்கில் ஆகிறது. கணவர் பட்டு நெய்தவர், காலமாகிவிட்டார். ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறான்.

அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் பெண்தான் ஒரு நாள் என்னை நிறுத்திக் கேட்டார். "சார், நாங்க வந்து பிரஷர் பாக்கற பத்து நிமிஷத்துல, நல்லா இருக்கேன்னு மட்டுந்தான் சொல்றாங்க. ஆனா சுகர் ஒரு மாசம் ஏறுது, ஒரு மாசம் இறங்குது, அடிக்கடி நீர்க்கடுப்பு வேற. நாள் முழுக்க என்ன நடக்குதுன்னு யாராச்சும் எழுதிக் குடுத்தா நல்லாருக்கும்." இந்தத் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. வீட்டுப்படி ஏறி வந்து மாத்திரை கொடுப்பது பெரிய விஷயம்தான். ஆனால் அவர்களுக்கு ஒரு நாளில் எத்தனை வீடு! உட்கார்ந்து பார்க்க நேரம் ஏது? எனக்கு நேரம் இருந்தது. நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன்.

அக்கா முதலில் சிரித்தார். "என்ன வாத்தியாரே, எனக்கு மார்க் போடப் போறீங்களா?" அப்புறம் ஒரு நிபந்தனை போட்டார். அன்றன்றைக்கு எழுதியதைச் சாயங்காலம் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும், அவர் வேண்டாம் என்றால் அந்த வரியை அடித்துவிட வேண்டும். அப்படியே செய்தோம். அதிகமாக அடிக்கச் சொன்னது மகனைப் பற்றிய வரிகளைத்தான். 'இன்று மகன் போன் செய்யவில்லை' என்று எழுதியிருந்தால், "அதை எடுங்க, அவனுக்கு நைட் ஷிப்டு" என்பார். அடித்துவிடுவேன்.

சரி, அந்த நோட்டில் என்ன தெரிந்தது என்பதற்கு வருகிறேன்.

முதலாவது தண்ணீர். காலை காப்பிக்குப் பிறகு மத்தியானச் சாப்பாடு வரைக்கும் அக்கா ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. சாயங்காலத்துக்குப் பிறகு அறவே கிடையாது. கேட்டால் "தாகமே எடுக்கல" என்பார். ஆனால் நேரம் போட்டு எழுதிக்கொண்டே வந்தபோது காரணம் தானாகத் தெரிந்தது. கழிப்பறை வீட்டுக்குப் பின்னால். இறங்க இரண்டு படி, நடுவில் துணி துவைக்கும் கல், எப்போதும் ஈரம். ஒரு தடவை போய்வருவது அவருக்கு ஒரு பெரிய வேலை, விழுந்துவிடுவோமோ என்ற பயமும் கூட. அதனால் போகவேண்டிய தேவையையே குறைத்துக்கொண்டார். தண்ணீர் குறைந்தால் நீர்க்கடுப்பு வரும், மலம் இறுகும், வயதானவர்களுக்குத் தலைசுற்றலும் புத்தித் தடுமாற்றமும்கூட வரலாம் என்று மாத்திரை கொண்டுவரும் அந்தப் பெண் சொன்னபோதுதான் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. மாத்திரையை மாற்றிப் பிரயோஜனமில்லை. மாற்றவேண்டியது அந்த இரண்டு படியை. தெருப் பையன் ஒருவன் வெல்டிங் பட்டறையில் இருக்கிறான், சுவரோரம் இரும்புக் குழாயில் கைப்பிடி வைத்துக் கொடுத்தான். ராத்திரிக்குக் கட்டில் பக்கத்திலேயே நடுவில் துளை வைத்த கமோடு நாற்காலி. அதை வாங்க அக்கா சம்மதிக்க ரொம்ப நாள் ஆனது. "சாமி படம் இருக்கற அறையில அதையெல்லாம் வெக்கறதா?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. படத்தை முன்னறைக்கு மாற்றலாம் என்பது அவரே கண்டுபிடித்த வழி.

இரண்டாவது, ஆட்கள். நோட்டில் 'யார் வந்தார்கள், எவ்வளவு நேரம்' என்று ஒரு பத்தி போட்டிருந்தேன். எங்கள் தெரு ஜனநெரிசலான தெரு, தறிச் சத்தம் இல்லாத நேரம் குறைவு. அவர் வீட்டு வாசலுக்கும் நாள் முழுக்க ஆள் வருகிறார்கள்: பால்காரர், கீரைக்காரம்மா, மதியச் சாப்பாடு கொண்டுவரும் எதிர்வீட்டுப் பெண். ஆனால் எல்லாமே "அக்கா, இந்தா", "வெச்சுட்டுப் போறேன்" அளவில்தான். ஒரு வாரத்தில் நீளமான பேச்சு எது என்று பார்த்தால், சிலிண்டர் போட வந்தவர் ரெகுலேட்டர் மாட்டிக்கொண்டே தன் மகள் காலேஜில் சேர்ந்ததைச் சொன்னதுதான். தனியாக இருக்கிறார் என்று எங்கள் தெருவில் யாரும் நினைத்ததில்லை, நான் உட்பட. தினமும் எல்லோரும் அவரைப் பார்க்கிறோம் அல்லவா.

டிவி விஷயத்தையும் சொல்ல வேண்டும். அக்கா வீட்டு டிவி காலையிலிருந்து அலறும். காது கேட்கவில்லை போல என்று தெருவில் பேச்சு. காது நன்றாகவே கேட்கிறது. அவர் அதைப் பார்ப்பதும் இல்லை, முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பார். "சத்தம் கேட்டாத்தான நான் எந்திரிச்சுட்டேன்னு தெரியும். ஒரு நாள் கேக்கலைன்னா யாராச்சும் கதவத் தட்டுவாங்க" என்றார். இதை வேண்டாம் என்றால் அடித்துவிடுகிறேன் என்றேன். "இது இருக்கட்டும், எல்லாருக்கும் தெரியட்டும்" என்றார். அதனால்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

நாங்கள் நல்லெண்ணத்தில் யோசித்தது எல்லாம் அவரை வெளியே கொண்டுவருவது பற்றி. ஆடி மாதம் வந்தால் சேலத்தில் எல்லா மாரியம்மன் கோயிலிலும் ஒரே சமயத்தில் பண்டிகை, ஊரே வேறு மாதிரி ஆகிவிடும். குகை என்ற பகுதியில் வண்டி வேடிக்கை நடக்கும், மனிதர்களே சாமி வேஷம் கட்டி அலங்கார வண்டியில் வருவார்கள். சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்ததை அக்கா அடிக்கடி சொல்வார். பையன்கள் ஆட்டோ பேசி, தூக்கி உட்காரவைக்க ஆளும் தயார் செய்துவிட்டார்கள். முடியாது என்றுவிட்டார். கூட்டத்தில் அவசரம் என்றால் எங்கே போவது, தெரிந்தவர்கள் எல்லாம் "ஐயோ இப்படி ஆயிட்டீங்களே" என்பார்களே, இரண்டும் அவருக்கு வேண்டாம். பையன்களுக்கு வருத்தம். எனக்கு அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. வரும்போது தட்டுவடை செட் மட்டும் வாங்கிவரச் சொன்னார். பல் இல்லை, ஆனாலும் சட்னியில் ஊறவைத்து பீட்ரூட் கேரட் துருவலோடு முழுத்தட்டையும் முடித்தார்.

அவர் கேட்டது வேறு. பரண் மேல் கிடந்த ராட்டையை இறக்கித் தரச் சொன்னார். தார் சுற்றுவது அவர் கல்யாணம் ஆன நாளிலிருந்து செய்த வேலை. பட்டுத் தறியில் ஒருவர் நெய்தால் அவருக்கு ஊடை நூலைத் தாரில் சுற்றிக் கொடுக்க இன்னொருவர் வேண்டும், வீட்டுப் பெண்கள்தான் அதைச் செய்வார்கள். கூலிக் கணக்கில் அது தனியாகத் தெரியாது. மூன்றாவது வீட்டில் இன்னும் கைத்தறி வேட்டி நெய்கிறார்கள். காலையில் நூல் கொண்டுவந்து கொடுத்து, சாயங்காலம் தாரை வாங்கிப் போனார்கள். நூல் அறுந்தால், இழை தடியாக வந்தால், வந்து உட்கார்ந்து குறை சொன்னார்கள், அக்காவும் திருப்பிச் சொன்னார். சண்டைகூட வந்தது. நோட்டில் அந்தப் பத்தி நிரம்பியது அப்போதுதான். சில மாதம் கழித்து அந்த வீட்டிலும் கைத்தறியை நிறுத்திவிட்டார்கள். ராட்டை இறக்கின இடத்திலேயே இருக்கிறது. வேறு தறிக்காரர் யாராவது அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டைப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள்.

ஒருவர் வீட்டில் அடைந்து கிடக்கிறார் என்றால் உடனே செல்போனில் வீடியோ எடுத்துப் போட்டு 'உதவுங்கள்' என்று எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். பணம் வரலாம். தண்ணீர் ஏன் குடிப்பதில்லை என்று அந்த வீடியோவில் தெரியாது. உங்களில் யாராவது இப்படிப் பக்கத்தில் இருந்து பார்த்திருந்தால் எழுதுங்கள்.

ஏற்காடு பக்கம், மருமகள்

சார், உங்கள் அக்காவுக்கு ஆள் இல்லாத தனிமை. எங்கள் மாமனாருக்கு ஆள் இருந்தும் தனிமை. எங்கள் வீடு சேர்வராயன் மலையில் ஒரு சரிவில் இருக்கிறது. ரோட்டிலிருந்து கீழே இறங்க வேண்டும், மண்படி. பக்கவாதம் வந்த பிறகு அவரை மேலே ஏற்ற நான்கு பேர் வேண்டும். காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் அந்த நான்கு பேர் கிடைக்க மாட்டார்கள், எல்லோரும் எஸ்டேட்டில் இருப்பார்கள். அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் தவிர வீடுதான்.

வீட்டில் ஏழு பேர் இருக்கிறோம். ஒரு நிமிஷம் தனியாக விடுவதில்லை. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று முழுக்கக் கவனித்தேன். அவரிடம் நாங்கள் பேசியது எல்லாமே கேள்வி: சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, குளிருதா. மிளகுக் கொடி படர்த்தியிருக்கும் சில்வர் ஓக் மரத்தில் எதைக் கவாத்து பண்ணலாம் என்று என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் அவர் கட்டிலுக்கு மேலேயே பேசிக்கொண்டார்கள். அந்த மரங்களை வைத்தவரே அவர்தான்! வாய் கொஞ்சம் கோணிப் பேச்சு குழறுவதால் பதில் வர நேரம் ஆகும், அதற்குள் நாங்கள் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். இன்று காலை என் வீட்டுக்காரரிடம் சொல்லி, அவரிடமே கேட்கச் சொன்னேன். பதில் வர ரொம்ப நேரம் ஆனது, வந்ததும் நாங்கள் நினைத்ததற்கு நேர்மாறு. வெட்டவே வேண்டாமாம், இந்த வருஷம் நிழல் போதாதாம்.

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மட்டும் போகவேண்டும் என்கிறார். அதற்கு நான்கு பேர் கிடைப்பார்கள், கவலை இல்லை.

சூரமங்கலம், அக்கா

வயதானவர்கள் பற்றியே பேசுகிறீர்கள். என் தம்பிக்கு இருபத்தேழு வயது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று அறைக்குள் போனவன், ஊரடங்குக்குப் பிறகு அப்படியே நின்றுவிட்டான். கை கால் நன்றாக இருக்கிறது. வாசல் வரைக்கும் வருவதில்லை, விருந்தாள் வந்தால் கதவைப் பூட்டிக்கொள்கிறான். ஜப்பானில் இதற்கு ஹிக்கிகொமோரி என்று பெயர் வைத்து அரசாங்கமே கணக்கெடுக்கிறது. 2023இல் வெளியிட்ட கணக்கில் 15 முதல் 64 வயது வரைக்கும் சுமார் 14.6 லட்சம் பேர். நம் ஊரில் "பையன் படிச்சிட்டு இருக்கான்" என்று சொல்லிச் சமாளித்துவிடுகிறோம்.

மனநல மருத்துவர் அவனுடைய தூக்க நேரத்தைக் குறித்துவரச் சொன்னார். அம்மா சமையலறைக் காலண்டரில் எழுதினார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு விளக்கு அணைகிறது, பகல் இரண்டுக்கு மேல் எழுந்திருக்கிறான். மருத்துவருக்கு அது உபயோகமாக இருந்தது. ஆனால் தம்பி ஒரு ராத்திரி தண்ணீர் எடுக்க வந்தவன் காலண்டரைப் பார்த்துவிட்டான். "நான் என்ன ஜெயில்லயா இருக்கேன்?" என்று கேட்டுவிட்டு, அதற்கப்புறம் விளக்கே போடுவதில்லை. அதனால் சார் சொன்ன அந்தச் சாயங்காலம் படித்துக் காட்டும் நிபந்தனை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் எங்கள் வீட்டில் படித்துக் காட்டக் கதவு திறக்க வேண்டுமே.

இப்போதைக்கு அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அரசின் மனநல உதவி எண் அது, நானும் அம்மாவும்தான் பேசுகிறோம், அவன் இல்லாமலே. வீட்டில் இருப்பவர்களும் பேசலாம் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

அஸ்தம்பட்டி, வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் செவிலியர்

மலையிலிருந்து எழுதிய அக்காவுக்கு: ரேஷனுக்கு யாராவது சுமந்து வரவேண்டியிருந்தால், வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிலேயே பொருள் தரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. உங்கள் மாமனார் கார்டு அதில் சேருமா என்று கடையில் கேளுங்கள். கூட்டுக் குடும்பக் கார்டு என்றால் சேராமல் போகலாம். வீடு தேடி வருவதில் ஓட்டும் அப்படித்தான். 2024 மக்களவைத் தேர்தலில் 85 வயதைத் தாண்டியவர்களும் நாற்பது சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ளவர்களும் 12டி படிவம் கொடுத்து வீட்டிலிருந்தே ஓட்டுப் போட்டார்கள். நான் பார்க்கும் ஒரு தாத்தா அந்த அதிகாரிகள் வருகிறார்கள் என்று சவரம் செய்துகொண்டு இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுக்கு நாற்காலி போட்டு உட்கார ஐந்தாறு பேர் வந்தது அன்றைக்குத்தான்.

சாருக்கு ஒரு விஷயம். நோட்டில் தண்ணீர், கழிப்பறை, ஆட்கள் என்று பத்தி போட்டது நல்லது. நாற்காலியிலோ கட்டிலிலோ ஒரே பக்கமாக எவ்வளவு நேரம் இருக்கிறார் என்பதையும் சேருங்கள். படுத்தே இருப்பவர்களை இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் போடச் சொல்வோம். உட்கார்ந்தே தார் சுற்றினவர் என்றால் பின்பக்கத் தோலில் சிவப்பு இருக்கிறதா என்று ஒரு பெண் பார்க்கவேண்டும், உங்களிடம் சொல்ல மாட்டார். இன்னொன்று, அந்த நோட்டு யாரிடம் இருக்கிறது?

அம்மாபேட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

அக்காவிடம்தான் இருக்கிறது, தலையணைக்குப் பக்கத்தில். எழுதுகிற நேரம் மட்டும் என் கைக்கு வரும். நேற்றுப் போனபோது அதில் எனக்குத் தெரியாத ஒரு பக்கம் இருந்தது, எதிர்வீட்டுப் பெண்ணை விட்டு எழுதச் சொல்லியிருக்கிறார். 'வாத்தியார் மூணு நாளா வரலை' என்று. காய்ச்சல் என்றேன். அடித்துவிடட்டுமா என்று கேட்டேன், கூடாது என்றுவிட்டார்.

தோல் விஷயத்தை எதிர்வீட்டுப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன், இன்று குளிக்கவைக்கும்போது பார்க்கிறேன் என்றிருக்கிறது. சூரமங்கலத்துத் தங்கச்சி, உங்கள் தம்பிக்கு எந்தத் தேர்வு என்று எழுதுங்கள். என்னிடம் பழைய வினாத்தாள்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. விடைக்குறிப்பு தயாரிக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன், ராத்திரி நான்கு மணிக்குச் செய்தாலும் சரிதான், நேரில் வரவேண்டியதும் இல்லை.