குவாதலூப்பே: புனித வாரத்தில் போகலாமா, கூடாதா?

கள்ளிச்செடி: குவாதலூப்பே போக எந்த நாள் தோது என்று ஒருவர் கேட்டிருந்தார். அரிசோனாவில் ஃபீனிக்ஸுக்கும் டெம்பிக்கும் இடுக்கில், ஒரு சதுர மைலுக்கும் குறைவான ஊர். மெக்சிகோவை போர்ஃபிரியோ தியாஸ் ஆண்ட காலத்தில் சொனோரா மாநிலப் பழங்குடிகளான யாக்கி மக்களைப் பிடித்து, தென்கிழக்கே யுகத்தான் கற்றாழைநார்த் தோட்டங்களுக்கு ஏற்றியனுப்பினார்கள். அதற்குத் தப்பி வடக்கே ஓடிவந்தவர்கள் குடியேறிய இடம். என் கட்சி இதுதான்: ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம் தவிர எந்த நாளும் போங்கள். அங்கே வேடம் கட்டுகிறவர்கள் நேர்ந்துகொண்டவர்கள். அதற்குப் பார்வையாளர் தேவையில்லை.

மணல்மேடு: நேர்த்திக்கடனைக் கதவைச் சாத்திக்கொண்டு யார் செய்கிறார்கள்? வாயேமா என்கிற இந்தத் தவக்காலச் சடங்கு நடப்பதே கோயில் முன்திடலில். சீட்டுக் கிடையாது, அடக்கமாக நிற்பவரை யாரும் விரட்டுவதும் கிடையாது. படம், ஒலிப்பதிவு, வரைதல் மூன்றும் கூடாது. சாதாரண நாளில் போனால் வெள்ளைக் கோயிலையும் வெறும் திடலையும் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான்.

கள்ளிச்செடி: "கூடாது" என்று பலகையில் எழுதினால் போதுமா? மணி பார்க்கக் கைப்பேசியை எடுக்கிறேன் என்பார்கள். எடுத்தாலே படம் பிடிப்பதாகத்தான் அர்த்தம்.

மணல்மேடு: காரிலேயே வைத்துவிட்டுக் கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். நியூ மெக்சிகோவிலிருந்து வருபவர் முள்ளை ஒரு மணி நேரம் பின்னால் தள்ள வேண்டும். இந்த ஊர்ப் பக்கம் கோடைக்கு நேரம் மாற்றுவதில்லை.

சுரைக்குடுவை: கைப்பேசியைவிடப் பெரிய தவறு சபாயேக்காக்களிடம் நடக்கிறது. சடங்கில் இயேசுவின் எதிரிகளான பரிசேயர் படையில் முகமூடி போட்டு வருபவர்கள் இவர்கள். தோலால் செய்த பெரிய முகமூடி, கையில் வண்ணம் பூசிய மரவாளும் குத்துவாளும். கோணங்கி செய்வதால் கோமாளி என்று நினைத்துப் பேச்சுக் கொடுக்கிறார்கள், கூடவே சிரிக்கச் சொல்கிறார்கள். முகமூடிக்குள் அவர் ஜெபமாலைச் சிலுவையை வாயில் கவ்வியிருக்கிறார். தான் ஏற்ற தீமை தன்னுள் இறங்காமலிருக்க. பேசவே முடியாது, வாள்மேல் வாளைத் தட்டித்தான் சேதி சொல்வார். விலகி நில்லுங்கள், சரியாகிவிடும்.

வடமேற்கு: கூட்டம் பிடிக்காதவர் மெக்சிகோவில் சொனோராவின் கோகோரித்துக்கே போகலாமே. யாக்கிகளின் பழைய எட்டு ஊர்களில் ஒன்று, ஓப்ரெகோன் நகரத்துக்குப் பக்கம், யாக்கி அருங்காட்சியகமும் உண்டு.

சுரைக்குடுவை: போகலாம், அருங்காட்சியகத்துக்காக. ஆனால் கோகோரித்தின் யாக்கி அதிகாரபீடம் எப்போதோ லோமா தெ குவாமுச்சிலுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. வடக்கிலிருந்து வந்தால் 15ஆம் நெடுஞ்சாலை விகாம் என்ற யாக்கி ஊர் வழியாகப் போகிறது. சொனோராவின் தலைநகர் எர்மோசியோவுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய்த் திட்டத்தை எதிர்த்து யாக்கிகள் மறியல் செய்த இடம் அதுவே. கிளம்புமுன் சாலை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கள்ளிச்செடி: சரி, குவாதலூப்பேவுக்கே வருகிறேன். புனித சனி நண்பகல், தீமை தோற்கும் 'குளோரியா' சடங்கில் வெளியாள் எங்கே நிற்பார்?

மணல்மேடு: பக்கவாட்டில். பரிசேயர் படை மூன்று முறை கோயிலை நோக்கி ஓடிவரும். அந்தப் பாதையில் நின்றால் மோதுவார்கள். கோயில் தரப்பு பூவிதழும் வண்ணத்தாளும் வீசும், அதுதான் ஆயுதம். மூன்றாவது முறை தோற்றதும் முகமூடிகள் யூதாஸ் பொம்மையோடு நெருப்பில் போகும். அந்த நேரம் பார்த்துக் கிளம்பிக் கூட்டத்தை இடிக்காதீர்கள்.

சுரைக்குடுவை: அங்கே ஆடும் யாக்கிகளின் மான் ஆட்டத்தைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேளுங்கள். ஆடுபவர் கணுக்காலிலிருந்து மேலே சுற்றியிருப்பது பட்டுப்பூச்சிக் கூடுகளின் சரம். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் பொடிக்கற்கள், நடந்தால் மணல் கொட்டுகிற ஓசை. பக்கத்தில் பாத்திரத் தண்ணீரில் பாதிச் சுரைக்குடுவையைக் கவிழ்த்து மிதக்கவிட்டுக் குச்சியால் தட்டுவார்கள். அது மானின் நெஞ்சுத்துடிப்பு என்பார்கள். அருகில் நின்று பேசினால் இரண்டும் கேட்காது.

கள்ளிச்செடி: அப்படிப் பேசாமல் நிற்பவர் எத்தனை பேர் என்பதுதான் என் சந்தேகமே. எதற்கும் தேதியைச் சொல்லுங்கள்.

மணல்மேடு: 2027இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10, குளோரியா சனி மார்ச் 27. அதற்கு முந்தைய ஒரு தவக்கால வெள்ளிக்கிழமை போய் ஊர்வலத்தைப் பாருங்கள், கூட்டம் குறைவு. வண்டியை வீட்டு வாசல்களை மறிக்காமல் நிறுத்துங்கள்.

கள்ளிச்செடி: வெள்ளிக்கிழமை ஊர்வலத்துக்குச் சம்மதம். சனிக்கிழமைக்கு இல்லை.