பாதுகாப்பு நாடி உதவும் இயல்பு: ஒரு சொல் தேவை

அஸ்தம்பட்டியிலிருந்து

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

அடுத்த மாதம் ஏற்காட்டில் நடக்கவிருக்கும் ஆற்றுப்படுத்துநர் (உளவள ஆலோசகர்) பயிற்சிக்கான கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை காலையில் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். நூற்றிருபது பக்கமும் முடிந்துவிட்ட நிலையில் ஒரேயொரு சொல்லில் நின்றுவிட்டேன்.

மனிதரின் இயல்புகளை ஒன்பதாகப் பிரிக்கும் எனியகிராம் என்னும் பகுப்பில் இரண்டாம் வகையினர் உதவுவோர்; ஆறாம் வகையினர் பாதுகாப்பையும் பற்றுக்கோட்டையும் நாடுவோர். இவ்விரண்டும் பக்கத்து எண்கள் அல்ல என்பதால் 'சிறகு' என்ற முறையில் இவற்றை இணைக்க இயலாது. ஆறுக்குச் சிறகாவன ஐந்தும் ஏழுமே. ஆயினும் எனியகிராம் பற்றி நூல்கள் எழுதிய ரிசோவும் ஹட்சனும் ஒன்று, இரண்டு, ஆறு ஆகிய மூன்றையும் ஒரே தொகுதியில் வைத்தார்கள். அத்தொகுப்புக்கு அடிப்படை, 1945இல் உளப்பகுப்பாய்வாளர் கரென் ஹார்னி விளக்கிய மூன்று போக்குகள்: மனிதரை நோக்கிச் செல்லுதல், மனிதரை எதிர்த்துச் செல்லுதல், மனிதரை விட்டு விலகிச் செல்லுதல். பகையானதாகத் தோன்றும் உலகில் தனியாகவும் கையறு நிலையிலும் இருக்கிறோம் என்னும் அடிப்படை அச்சத்தைத் தணிக்க, முதற்போக்கினர் பிறரோடு இணங்கி, பிறருக்கு வேண்டியவராகி, அதன் வழியே பாதுகாப்பைத் தேடுகிறார்கள்.

பாதுகாப்பு நாடலும் உதவுதலும் இணையும் இந்தச் சேர்க்கைக்கு ஒரு சொல் வேண்டும். அச்சம் வேர், உதவி அதன் வழி என்ற உறவு அச்சொல்லில் தெரிய வேண்டும். படிப்பவர் தம்மையே அதில் காணக்கூடும் என்பதால் இழிவுக் குறிப்பு இருத்தலாகாது. கையேட்டில் இது பதினான்கு இடங்களில் வருகிறது.

ஆத்தூரிலிருந்து

அம்மா, சொல் நம்மிடம் இருக்கிறது; நாம்தான் அதைக் கைவிட்டோம். காவலைக் குறிக்கும் 'ஏமம்' என்பதே அது. 'சினமென்னும் சேர்ந்தாரைக் கொல்லி இனமென்னும் ஏமப் புணையைச் சுடும்' என்னும் 306ஆம் குறளை நினைவுகூருங்கள். வெள்ளத்தில் அகப்பட்டவனுக்குப் புணை, அதாவது தெப்பம், எப்படியோ, அப்படி ஒருவனுக்கு இனம். தாங்கள் விளக்கும் மனிதர் அந்தப் புணை கைநழுவிவிடுமோ என்று அஞ்சியே அதன் கட்டுகளை நாள்தோறும் இறுக்கிக் கொண்டிருப்பவர். 'ஏமநாட்ட உதவி' என்று வைக்கலாம், சுருக்கமாக 'ஏமவுதவி'. ஏமம் என்பது க்ஷேமத்தின் திரிபு என்று சிலர் எழுதுவதை நான் ஏற்பதில்லை. க்ஷேமம் தமிழில் சேமமாகத் தனியே வழங்குகிறது. பொன்னைக் குறிக்கும் ஏமம் வேறு. அது ஹேமம் என்பதன் திரிபு. காவலையும் இன்பத்தையும் ஒருங்கே குறிக்கும் ஏமமோ நம்முடையது. காவல் இருக்கும் இடத்திலேயே இன்பம் இருக்கும் என்று கண்ட மக்களின் சொல் அது. இதைவிடப் பொருத்தமான உளவியற் சொல் எங்கே கிடைக்கும்?

ஓமலூரிலிருந்து

ஐயாவின் விளக்கத்தை இரண்டு முறை படித்தேன். ஆனால் என் வகுப்பில் முப்பது மாணவர்களிடம் 'ஏமவுதவி' என்று கரும்பலகையில் எழுதினால், அவர்கள் காதில் முதலில் விழப்போவது ஏமாற்றும் ஏமாளியும்தான். உதவி செய்து ஏமாற்றுகிறவர் என்றே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அம்மா தவிர்க்கச் சொன்ன இழிவுக் குறிப்பு அப்படியே வந்து அமர்ந்துவிடும். 1916இல் இதே சேலத்தில் இராஜாஜியும் நண்பர்களும் தமிழில் அறிவியற் சொற்களை ஆக்கச் சங்கம் அமைத்த காலத்தில் 'கலைச்சொல்' என்பதையே 'பரிபாஷை' என்று சொல்லி வந்தார்கள். பரிபாஷை போய்க் கலைச்சொல் நின்றதற்கு அதன் தூய்மை மட்டும் காரணமன்று, கேட்டவுடன் விளங்கியதும் காரணம் என்று நினைக்கிறேன். 'பாதுகாப்பு' என்னும் சொல்லில் என்ன குறை?

சேலம் குகைப் பகுதியிலிருந்து

சங்க இலக்கியத்தைத் தொடுவதானால் புறநானூற்று 134ஆம் பாட்டையும் தொட வேண்டும். 'இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம் எனும் அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்' என்று வள்ளல் ஆய் அண்டிரனை முடமோசியார் பாடுகிறார். கைம்மாறு கருதும் உதவியை நம் முன்னோர் வணிகம் என்றே சொல்லிவிட்டார்கள். எங்கள் தெருவில் இன்றும் மொய் நோட்டு இருக்கிறது. இன்னார் வீட்டுச் செய்முறைக்கு நாம் எவ்வளவு வைத்தோம் என்று பார்த்துத்தான் திருப்பி வைக்கிறோம். ஆகவே 'மொய்யுதவி' என்றே வைத்துவிடலாம். அல்லது 'சார்புதவி'. பிறரைச் சார்ந்து நிற்பதற்காகச் செய்யும் உதவி என்று பொருள் விரியும்.

சூரமங்கலத்திலிருந்து

நீதிமன்ற அலுவலகத்தில் நெடுங்காலம் பணி செய்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். சார்பு நீதிமன்றம், சார்பு ஆய்வாளர் என்ற வழக்குகளில் 'சார்பு' என்பது கீழ்நிலைப் பதவியைக் குறிக்கிறது. 'சார்புதவியாளர்' என்றால் உதவியாளருக்கும் கீழே ஓர் உதவியாளர் என்றுதான் பொருள்படும். இதை விட்டுவிடுங்கள்.

ஏற்காட்டிலிருந்து

மேலே ஒரு பஞ்சாயத்து ஊரில் பதினோரு ஆண்டுகளாக ஆற்றுப்படுத்துநராக இருக்கிறேன். இந்தக் கையேடு என் மேசைக்கு வரப்போகிறது என்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன்.

காப்பித் தோட்டத்துக் குடியிருப்பில் ஓர் அம்மா இருக்கிறார். எந்த வீட்டில் காதுகுத்து என்றாலும் விடியுமுன் போய் அரிசி களைபவர் அவர். எவர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் இரவு முழுவதும் உடன் இருப்பவர் அவர். ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்: 'எங்க வீட்டுக்காரருக்கு ராத்திரியில நெஞ்சு வலிச்சா, இருபது வளைவும் இறங்கிச் சேலம் போகணும். ஜீப்பு வச்சிருக்கிறவங்க கதவைத் திறக்கணுமில்ல?' இதில் நோய் ஒன்றுமில்லை. மலையில் வாழ்பவரின் தெளிவான அறிவு இது. ஆனால் மகன் கார் வாங்கிய பிறகும் அவருடைய ஓட்டம் நிற்கவில்லை. ஒரு வீட்டுக்குப் போக முடியாமற்போனால் அன்றிரவு அவருக்குத் தூக்கமில்லை. அந்த வீட்டார் மறுநாள் முகம் கொடுத்துப் பேசினார்களா என்று மூன்று நாள் கணக்குப் பார்க்கிறார். ஆபத்து விலகிய பின்னும் வழக்கம் விலகாமல் நிற்பதைத்தான் இயல்பு என்கிறோம்.

குகை ஐயாவின் 'மொய்யுதவி'யை இதனாலேயே மறுக்கிறேன். மொய்யில் கணக்குத் தீரும். இவருக்குக் கணக்கு ஒருபோதும் தீர்வதில்லை, ஏனெனில் இவர் கேட்பது திருப்பிச் செய்வதை அன்று, கைவிடாதிருப்பதை. எதையும் திருப்பிக் கொடுத்தால் வாங்கக்கூட மாட்டார். ஆய் அண்டிரனுக்கும் வணிகனுக்கும் நடுவே புறநானூறு பாடாத மூன்றாம் ஆள் ஒருவர் இருக்கிறார். 'கைம்மாறு வேண்டா கடப்பாடு' என்று மழையைச் சொன்னார் வள்ளுவர். மழைக்கு அச்சமில்லை, இவருக்கு உண்டு.

இன்னொரு வேறுபாட்டையும் சொல் குழப்பிவிடக் கூடாது. பிறருக்கு ஓயாமல் பணிவிடை செய்து, தமக்கு எவருடைய கவனிப்பும் வேண்டாம் என்று ஒதுக்கும் ஒருவகையினரைப் பற்றி உளமருத்துவர் ஜான் பௌல்பி எழுதியிருக்கிறார். அவர்கள் வேறு. எனியகிராமின் இரண்டாம் வகையினர் தாம் நேசிக்கப்படவில்லையோ என்று அஞ்சுபவர்கள்; அவர்களும் வேறு. நாம் பேசுபவர் 'என்மேல் அன்பு இருக்கிறதா' என்று கேட்பதில்லை. 'அன்றைக்கு என்னுடன் நிற்பாயா' என்று கேட்கிறார்.

ஒன்பது வகைப் பகுப்பை உளவியல் ஆய்வாளர் பலர் அளவுகோலாக ஏற்பதில்லை என்பதையும் கையேட்டின் அடியில் ஒரு வரியாகச் சேருங்கள். இது பேச்சைத் தொடங்க உதவும் கருவி மட்டுமே.

ஓமலூரிலிருந்து

அக்கா எழுதியதைப் படித்தபின் 'அரணுதவி' என்று தோன்றுகிறது. அரண் என்பது பள்ளிப் பாடத்திலிருந்தே தெரிந்த சொல். செய்தித்தாளிலும் 'பாதுகாப்பு அரண்' என்று வருகிறது. அரண் கட்டுபவர் பகைவனைக் கண்டு கட்டுவதில்லை, பகைவன் வரக்கூடும் என்று கட்டுகிறார். ஆறாம் வகையினரின் மனமும் அதுவே.

ஆத்தூரிலிருந்து

புணர்ச்சி சரி. தனிக்குறிலை அடுத்த ஒற்றுத்தான் உயிர் வந்தால் இரட்டும். மண், கண் போன்றவற்றுக்கு அது பொருந்தும். 'அரண்' இரு குறிலுக்குப் பின் ஒற்று வருவது, ஆகவே அரணுதவியே. அச்சகத்தார் 'அரண்ணுதவி' என்று கோத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொருள் சரியில்லை. தம்பி 'அரணுக்காகச் செய்யும் உதவி' என்று விரிக்கிறார். அது நான்காம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. நான் 'அரணாகிய உதவி' என்று பண்புத்தொகையாக விரிப்பேன். இன்னொருவர் 'அரணுக்கு உதவி' என்று படைத்துணையாகக் கொள்வார். மூன்று வழி விரியும் தொகையைக் கலைச்சொல்லாக்குவது முறையன்று. ஏமத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. மாணவர் காதில் ஏமாளி ஒலிக்கிறான் என்றால் 398ஆம் குறளின் 'எழுமையும் ஏமாப்பு உடைத்து' என்ற அடியை, அங்கே ஏமாப்பு என்பது பாதுகாப்பு என்று, அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். காது திருந்தும்.

ஏற்காட்டிலிருந்து

முதல் இரண்டு விரிவும் இந்த இயல்புக்குப் பொருந்துகின்றன, ஐயா. அந்த அம்மா அரணுக்காகவும் உதவுகிறார், அவருடைய உதவியே அவருக்கு அரணாகவும் இருக்கிறது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. ஆனால் என் அறையில் இதைச் சொல்லப்போவதில்லை. அங்கே 'ஒத்தாசை பண்ணி ஆளைச் சேர்த்து வைக்கிறது' என்றுதான் சொல்வேன்; அவர்களும் தலையசைப்பார்கள்.

அஸ்தம்பட்டியிலிருந்து

வியாழன் இரவு பதினொரு மணி. ஓமலூர்த் தம்பி, குகை ஐயா, சூரமங்கலத்து ஐயா ஆகியோர் தனியஞ்சலிலும் 'அரணுதவி' என்றே எழுதியிருக்கிறார்கள். 'அரணுதவி இயல்பு' என்று இட்டு, முதன்முறை வரும் இடத்தில் 'பாதுகாப்பு வேண்டிப் பிறருக்கு உதவும் இயல்பு' என்று விளக்கம் சேர்க்கிறேன். அக்கா கேட்ட வரியும் பக்கத்தின் அடியில் இருக்கிறது. ஆத்தூர் ஐயாவின் ஏமத்தைச் சொல்லடைவில் இணைச்சொல்லாகக் காட்டுகிறேன்.

ஆத்தூரிலிருந்து

இணைச்சொல்லாக என்றால் வேண்டாம், அம்மா, எடுத்துவிடுங்கள். நான் எழுதும் இடத்தில் ஏமவுதவி என்றே எழுதுவேன்.

ஏற்காட்டிலிருந்து

காலையில் அச்சுப்படியைப் பார்த்தேன். ஏழு இடங்களில் 'அரணுதவியர்' என்று இருக்கிறது. இயல்புக்குப் பெயர் வைக்கத்தான் நாம் பேசினோம், மனிதருக்கு அல்ல. அந்த அம்மா என் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அவரை ஓர் '-அர்' விகுதிக்குள் வைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஏழு இடத்திலும் 'இவ்வியல்பு மிகுந்தவர்' என்று மாற்ற முடியுமா? அச்சகம் பத்து மணிக்குத்தானே திறக்கிறது?