எக்செலுக்கு அப்பால் சொல்லித்தர ஆள் வேண்டும்

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லித்தருகிறேன்.

என் முதுகலை மாணவி ஒருத்தி நான்கு மாதம் மஞ்சள் காட்டில் பாத்தி பாத்தியாக நடந்து இலைப்புள்ளி நோயைக் கணக்கெடுத்தாள். மூன்றாம் பாத்தி, நான்காம் செடி என்பதை நோட்டில் 3-4 என்று குறித்திருந்தாள். எக்செலில் ஏற்றியதும் அது ஏப்ரல் 3 ஆகிவிட்டது. மூன்று வாரம் கழித்துத்தான் கவனித்தோம். மஞ்சள் கறை படிந்த அந்த நோட்டு மட்டும் இல்லையென்றால் நான்கு மாத உழைப்பும் போயிருக்கும். பிள்ளை அழுதேவிட்டாள்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். மார்ச்1, செப்ட்2 போன்ற மரபணுக் குறியீடுகளை எக்செல் தேதியாக்கிவிடுகிறது என்பதால், 2020இல் அந்தப் பெயர்களையே மாற்றினார்கள். அதே ஆண்டு இங்கிலாந்தில், 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாத பழைய எக்செல் கோப்பால் ஏறத்தாழ 16,000 கொரோனா தொற்றுகள் கணக்கில் விடுபட்டன.

கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரத்தில் ஆர் அல்லது பைத்தான் நிரல்மொழியில் ஆய்வுத் தரவைக் கையாள்பவர்கள் இரண்டு சனிக்கிழமை வந்து, தமிழில் சொல்லித்தர முடியுமா? நிரல் எழுதுவது பிறகு இருக்கட்டும். மூலக் கோப்பைத் தொடாமல் வைப்பது, செய்த மாற்றத்தையெல்லாம் எழுதிவைப்பது, இவைதான் முதலில் வேண்டும். பஸ் செலவும் மதியச் சாப்பாடும் என் பொறுப்பு.

பதினெட்டுப் பேருக்கு ஐந்து கணினிகள்தான் இருக்கின்றன. வீட்டில் சும்மா கிடக்கும் லேப்டாப் இருந்தாலும் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.