பொங்கலுக்கு கானாடுகாத்தான் வர்றோம், புதுப் பறவை தேடி கார்ல எந்தப் பக்கம் போகலாம்?

கானாடுகாத்தான் பேரன்

எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் லீவுக்கு ஐயா வீட்ல ஆறு நாள் இருக்கப்போறோம், நான், வீட்டுக்காரி, ஒன்பது வயசுப் பொண்ணு. பறவை பாக்குற பழக்கத்த எனக்கு ஒட்டவச்சதே பொண்ணுதான், பாத்த பறவைய எழுதி வைக்கிற ஈபேர்ட் ஆப்ல எங்க லிஸ்ட் 118 வகையில வந்து நின்னுபோச்சு. பள்ளிக்கரணை, அடையாறுன்னு அதே இடத்தையே சுத்துறோம்ல, புதுசா ஒண்ணும் சிக்க மாட்டேங்குது. கார் இருக்கு, ரெண்டு நாள் முழுசா ஒதுக்கலாம், ஆனா ஒரே மூச்சா ரெண்டு மணி நேரத்துக்கு மேல வண்டில உக்கார அவளால முடியாது. வேட்டங்குடி பறவை சரணாலயம் தெரியும், அதைத் தவிர சொல்லுங்க. அப்புறம் ஆறுமணிக்குருவிய எப்படியாச்சும் பாத்தாகணுமாம் அவளுக்கு, நம்ம பக்கம் கிடைக்குமா?

கண்மாய்க்கரை

அண்ணே, நான் திருப்பத்தூர்க்காரன். வேட்டங்குடிய தெரியும்னு தள்ளிட்டுப் போயிராதீங்க. 1977ல சரணாலயமா அறிவிச்ச இடம், மொத்தமே 38 ஹெக்டேர் சொச்சம்தான், பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்ன கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டின்னு மூணு கண்மாய், ஆனா அந்த ஊர் சனங்க பல வருஷமா தீபாவளிக்குக்கூட வெடி வைக்கிறதில்ல, கூடு கட்டுன பறவை மிரண்டுரும்னு பிள்ளைங்க கையில ஒரு சரம்கூட கொடுக்க மாட்டாங்க, அந்தக் கதைய ஊர் ஆளுங்க வாயால உங்க பொண்ணு ஒரு தடவை கேக்கணும்ணே.

நத்தைகுத்தி நாரைய நீங்க பள்ளிக்கரணைலயே பாத்திருப்பீங்க. இங்க கரையில உக்காந்து அது திங்கிறத பாருங்க. அலகை மூடுனாலும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கும், நுனிய உள்ள விட்டு நத்தையோட சதையப் பிடிச்சு இழுத்துரும், ஓடு பெரும்பாலும் உடையாது. கரையோரமா அந்த ஓடு கிடக்கும், எடுத்து பொண்ணு கையில குடுங்க. காலைல கிழக்குக் கரையில நின்னீங்கன்னா வெயில் முதுகுப் பக்கம் விழும், நிறம் நல்லாத் தெரியும்.

ஆனா உங்களுக்கு லைஃபர், அதாவது இதுவரைக்கும் பாக்காத புதுப் பறவை, தண்ணிக்குள்ள இல்ல, சுத்தி இருக்கிற பொட்டல்லதான் இருக்கு. கண்மாய்க்கு ரெண்டு மணி நேரம்னா பொட்டலுக்கும் ரெண்டு மணி நேரம் குடுங்க. சாம்பல்தலை வானம்பாடி செம்மண்ணு நிறத்துலயே தரையில பம்மிக் கிடக்கும், திடீர்னு ஆண் மேல ஏறி விசிலடிச்சுக்கிட்டே தலைகுப்புற இறங்கும். கல்கௌதாரி கிடைச்சா யோகம்தான், காலைல தண்ணி குடிக்க கூட்டமா வரும், அந்த நேரத்துல கரைக்கு ரொம்பக் கிட்டப் போகாதீங்க, குடிக்காமலே திரும்பிப் போயிரும்.

தேவகோட்டை ரஸ்தா

கண்மாய் தம்பி சொன்னது சரி, ஆனா 118ல நிக்கிறவருக்கு நான் கடற்கரையத்தான் சொல்வேன். தேவகோட்டை, திருவாடானை வழியா தொண்டி போய் அப்படியே கிழக்குக் கடற்கரைச் சாலையில தெற்க இறங்குனா காரங்காடு, அலையாத்திக் காடு, வனத்துறை படகு ஓடுது. படகுல போறதுக்கு முன்னாடி தண்ணி வத்துற நேரத்த மீனவர்கள்ட்ட கேட்டுக்கங்க, வத்துனாத்தான் சேறு வெளிய வரும், சேறு வெளிய வந்தாத்தான் உள்ளான், உப்புக்கொத்தி, கோட்டான் (ஆந்தை இல்ல, வளைஞ்ச நீள அலகுக்காரன்) மாதிரி கரைப்பறவை எல்லாம் இறங்கும். தண்ணி ஏறுன நேரத்துல போய்ட்டு ஒண்ணுமே இல்லன்னு திரும்பி வந்தவன் நான், 70 கிலோமீட்டர் வீணாப் போச்சு. உள்ளான்ல ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் கண்டுபிடிக்கிறது கஷ்டம், கால் நிறத்தையும் அலகு நீளத்தையும் மட்டும் முதல்ல எழுதிக்கச் சொல்லுங்க பொண்ண.

ரெண்டாவது நாள் மேலூர் பக்கம் அரிட்டாபட்டி. 2022ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க, பாறை மலை, வேட்டைப் பறவைங்கள்ல லகர் ஃபால்கன், ஷாஹீன் ஃபால்கன், பொனெல்லி கழுகு மூணும் அங்க உண்டு. வெயில் சூடேறுனதுக்கு அப்புறம்தான் இதுங்க மேல சுத்தும், அதனால விடியக்காலம் எந்திரிச்சு ஓட வேண்டியதில்ல, பொறுமையா கிளம்புங்க. டங்ஸ்டன் சுரங்கம் வருதுன்னு ஊரே திரண்டு நின்னு 2025 ஜனவரில ஏலத்தை ரத்து பண்ண வச்ச மண்ணு அது, போனா ஊர்க்காரங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு வாங்க.

வளவு வீட்டு ஆச்சி

தம்பி, ஆறுமணிக்குருவிக்கு நீங்க காரையே எடுக்க வேணாம். வடக்க இமயமலை அடிவாரம், மத்திய இந்தியான்னு குஞ்சு பொரிச்சுட்டு குளிருக்கு நம்ம பக்கம் இறங்குற பறவை அது, அதுக்கு வேண்டியது நிழலும் கீழ காஞ்ச சருகும்தான், சருகைக் கிளறித்தான் புழு திங்கும். பூட்டிக் கிடக்கிற வீட்டுப் பின்கட்டு, கோயில் நந்தவனம், பழைய மாந்தோப்பு, இங்கெல்லாம் பாருங்க. பொழுது சாயுறப்ப ரெட்டை விசில் மாதிரி கூப்பிடும். கேட்டதும் எந்திரிச்சு ஓடாதீங்க, ஒரே இடத்துல அசையாம கால் மணி நேரம் உக்காருங்க, அதுவா தத்தித் தத்தி வரும். போன்ல அதோட குரலைப் போட்டு மட்டும் கூப்பிடாதீங்க, வேற பறவை தன் இடத்துக்கு வந்துருச்சுன்னு நினைச்சு அது தீனிய விட்டுட்டு அலையும், பாவம். குரலைக் கேட்டு பறவை பேர் சொல்ற மெர்லின் ஆப் பேர் காட்டிருச்சுன்னு உடனே லிஸ்ட்ல போடாதீங்க, கண்ணால பாத்தோ காதால நல்லாக் கேட்டோ உறுதி பண்ணிக்கங்க.

இன்னொண்ணு, உங்க ஐயா வீட்டு மாடில கூகை ஆந்தை இருக்கான்னு பாருங்க. எங்க வீட்ல ரெண்டாம் கட்டு மேல ஒரு ஜோடி பல வருஷமா இருக்கு. கூகை கத்துனா ஆகாதுன்னு எங்க அப்பத்தா விரட்டச் சொல்லும், நான் விடவே மாட்டேன். கீழ கறுப்பா பளபளன்னு கட்டைவிரல் தண்டிக்கு உருண்டை கிடக்கும், எச்சம்னு கூட்டித் தள்ளிருவாங்க, அது எச்சம் இல்ல, செரிக்காத முடியையும் எலும்பையும் கக்கிப் போட்டது. வெதுவெதுப்பான தண்ணில ஊறவச்சு குச்சியால பிரிச்சா எலி மண்டையோடு பல்லோட முழுசா வரும்.

கானாடுகாத்தான் பேரன்

போய்ட்டு வந்துட்டோம், எல்லாருக்கும் ரொம்ப நன்றி. லிஸ்ட் 126. காரங்காட்டுல மட்டும் அஞ்சு, வேட்டங்குடி பொட்டல்ல வானம்பாடி, அரிட்டாபட்டில ஃபால்கன் ஒண்ணு தூரமா, எதுன்னு உறுதி இல்லாததால போடல. கல்கௌதாரி வரல. ஆச்சி, ஐயா வீட்டு மாடில கூகை இருந்துச்சு, ஒரே உருண்டைல மூணு எலி மண்டையோடு, பொண்ணு தீப்பெட்டில பஞ்சு வச்சு பத்திரப்படுத்திருக்கா. ஆறுமணிக்குருவி பின்கட்டு கிணத்தடில ரெண்டு சாயங்காலமும் கூப்பிட்டுச்சு, ரெண்டு நாளும் அசையாம உக்காந்திருந்தோம், வெளிய வரல. கேட்டாலும் லிஸ்ட்ல போடலாம்மான்னு சொன்னேன், பாத்தாத்தான் எழுதுவேன்னுட்டா. மார்ச்ல ஒரு கல்யாணத்துக்கு வர்றோம், அதுவரைக்கும் அது அங்க இருக்குமா ஆச்சி?

வளவு வீட்டு ஆச்சி

இருக்கும் தம்பி, அதுக்கப்புறம்தான் வடக்க கிளம்பும். கிணத்தடி சருகை மட்டும் யாரும் கூட்டி எரிச்சுராம சொல்லி வச்சிட்டுப் போங்க.